‘புட் ஒஃப்’ என்றால் இரத்து அல்ல

கல்முனையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற கிழமை பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு மாணவி, வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்து கிடைத்த மின்னஞ்சலைக் காட்டினாள். நேர்முகப் பரீட்சை ‘புட் ஒஃப் பை டூ வீக்ஸ்’ என்று இருந்தது. பரீட்சையே நின்றுவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டியிருக்கிறார்கள். அவள் என்னிடம் வந்தபோது அந்த இரண்டு கிழமையும் கடந்துவிட்டது. இப்படி வாய்ப்பை இழந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

ஒத்திவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரத்துச் செய்தால் ‘கோல் ஒஃப்’ என்றோ ‘கான்சல்’ என்றோ எழுதுவார்கள்.

லைட்டை ஒஃப் செய், ஃபேனை ஒஃப் செய் என்று கேட்டே வளர்கிறோம். அதனால் ‘ஒஃப்’ என்று கண்டாலே ஏதோ நின்றுபோனதாக எடுத்துக்கொள்கிறோம். தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். விமானம் ‘டேக் ஒஃப்’ செய்தால் மேலே கிளம்புகிறது. மட்டக்களப்புக்கு ‘செட் ஒஃப்’ செய்தவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அலாரம் ‘வென்ட் ஒஃப்’ என்றால் அணையவில்லை, அடித்திருக்கிறது! வினையோடு ‘ஒஃப்’ சேர்ந்தபின் இரண்டையும் ஒன்றாகத்தான் படிக்க வேண்டும். பிரித்துப் பொருள் தேடுகிற பழக்கம் எத்தனை தடவை திருத்தினாலும் விடைத்தாளில் திரும்ப வருகிறது.

‘புட் ஒஃப்’ வேறு இடங்களிலும் வரும். கெட்ட மீனின் வாடை சாப்பாட்டில் மனம் செல்லவிடாமல் செய்தாலும், படிக்கிற பிள்ளையின் கவனத்தை ஒலிபெருக்கிச் சத்தம் குலைத்தாலும் இதையே சொல்வார்கள். கடனைக் கேட்டு வந்தவரைச் சாக்குச் சொல்லி அனுப்புவதும் இதுதான். விளக்கை அணைப்பதற்கும் சொல்லலாம், பிழையில்லை. இன்று ‘டேர்ன் ஒஃப்’தான் அதிகம். ஆனால் கூட்டம், பரீட்சை, கிளினிக் திகதி பற்றிய அறிவித்தலில் வந்தால் ஒத்திவைப்பு என்றே கொள்ளுங்கள்.

எழுதும்போது ‘இட்’, ‘தெம்’ போன்றவை நடுவில் வரும்: ‘புட் இட் ஒஃப்’. ‘புட் ஒஃப் இட்’ பிழை. பின்னால் வினை வந்தால் ‘புட் ஒஃப் கோயிங்’ என்பதுபோல ‘இங்’ சேர்த்து எழுதுங்கள், ‘புட் ஒஃப் டு கோ’ என்று அல்ல. சாதாரணதர வகுப்பில் நான் ஓயாமல் திருத்துவது இதைத்தான்.

இப்படியொரு கடிதம் வந்தால் அந்த வரியை முழுதாக வாசியுங்கள். ‘டில்’ அல்லது ‘அன்டில்’ இருந்தால் அடுத்து வருவது புதிய திகதி. ‘பை டூ வீக்ஸ்’ இருந்தால் முதலில் குறித்த நாளிலிருந்து இரண்டு கிழமை எண்ணுங்கள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. திகதியே இல்லாவிட்டால் அன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் தமிழில் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை ‘நின்றுவிட்டது’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கடிதத்தை வாங்கி ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.