பழைய தாவரவியல் படத்தாள்: தாளும் கோடும் வண்ணமும் சொல்லும் வயது

பழைய தாவரவியல் நூலிலிருந்து பிரித்த படத்தாள் ஒன்று கைக்கு வந்தால் முதலில் பூவைப் பார்க்க வேண்டாம். தாளைத் திருப்புங்கள். முன்பக்கம் இலைக்குப் பச்சை தீட்டிய இடத்துக்கு நேர் பின்னால், அதே இலையின் வடிவம் பழுப்பாக ஊறித் தெரிகிறதா? தெரிந்தால் மகிழலாம். 18ஆம் நூற்றாண்டு வரை பச்சைக்குப் பெரிதும் பயன்பட்டது செம்பில் பிடிக்கும் களிம்பு. அதிலுள்ள செம்பு அயனிகள் தாளின் செல்லுலோஸை மெல்ல மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடையச் செய்கின்றன. அந்த இடம் பழுப்பாகும். முற்றினால் நொறுங்கி, இலை வடிவிலேயே ஓட்டை விழும். இதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அண்மையில் தீட்டிய பச்சையில் இந்தத் தடம் இருக்காது.

ஆனால் தடம் இல்லை என்பதற்காகவே தாளைத் தள்ளிவிடவும் கூடாது. பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமியோடு கம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளைக் கலந்தும் பச்சை உண்டாக்கினார்கள். அது பின்பக்கம் ஊறாது. அதனால்தான் ஒரே அடையாளத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. தாள், அச்சுக் கோடு, வண்ணம் ஆகிய மூன்றும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். ஒன்று மாறிப் பேசினாலும் விலை பேசுவதை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

கோட்டைப் படிக்க 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும், தாளின் மேல் பக்கவாட்டில் சாய்வாக விழும் வெளிச்சமும் போதும். 1542இல் பாசல் நகரில் வெளியான, ஜெர்மன் மருத்துவர் ஃபூக்ஸின் மூலிகை நூலில் 500க்கும் மேற்பட்ட படங்கள் மரக்கட்டை அச்சு. அதில் கோடு மேடாக நிற்கும், சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். அழுத்தும்போது மை கோட்டின் ஓரங்களுக்குப் பிதுங்கும். லூப்பில் ஓரம் நடுவைவிடக் கறுப்பாகத் தெரியும்.

செப்புத் தகடு இதற்கு நேர்மாறு. உளியால் தகட்டில் பள்ளம் கீறி, மையைப் பூசி, மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை மேலே வைத்து, கம்பளி விரித்து, இரு உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளி வரும். ஆகவே மைக்கோடு தாளின்மேல் மிக நுண்ணிய வரப்பாக நிற்கும். சாய்வு வெளிச்சத்தில் அதன் நிழல்கூடத் தெரியும். தகட்டின் விளிம்பும் அழுந்தி, படத்தைச் சுற்றிச் செவ்வகத் தழும்பை விடும். ஒவ்வொரு அச்சுக்கும் தகடு சற்றே தேயும். இலையின் மிக மெல்லிய நரம்புகள்தான் முதலில் மறையும். அவை கூர்மையாக இருந்தால் தொடக்கத்தில் எடுத்த அச்சு.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த, மலபார் தாவரங்களைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலின் படங்கள் இப்படிச் செதுக்கியவை. அதன் தாளில் தகட்டுத் தழும்பு இல்லை என்றால் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள், அல்லது அது பின்னாளைய நகல். அதே தழும்பை, தாவரவியலாளர் ராபர்ட் வைட் சென்னையில் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஐகோன்ஸ் என்ற இந்தியத் தாவரப் பட நூலின் 2101 படங்களில் தேடினால் கிடைக்காது, அவை கல்லச்சு. கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்தால், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் மையை விலக்கும். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. மை தட்டையாக உட்கார்ந்திருக்கும். கிரேயானால் வரைந்த இடங்களில் கல்லின் சொரசொரப்பு மணல்மணலாகத் தெரியும்.

புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது புள்ளிகளில்தான். லூப்பில் புள்ளிகள் தெரிந்தால் நவீன ஆஃப்செட் அச்சு என்று பாடமாக வைத்திருப்பார்கள். ஆனால் 1817 முதல் 1824 வரை வெளிவந்த, ஓவியர் ரெடூட்டேயின் ரோஜாப் படங்களும் புள்ளிகளால் ஆனவையே. அங்கே கோட்டுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கையால் குத்தியிருக்கிறார்கள். அவை அளவில் ஒன்றுபோல் இரா. இதழ் வளையும் திசையில் வளைந்து ஓடும், நிழலில் நெருங்கி, வெளிச்சத்தில் விலகும். ஆஃப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகளும் வரிசை பிசகாமல், சிறு சிறு வட்டக் கோலங்களாக, வெற்றுப் பின்னணியில்கூடப் படர்ந்திருக்கும். ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு ஐயமே வராது. ரெடூட்டேயின் தகட்டில் இன்னொரு நுட்பம்: துணியைப் பொம்மைபோல் சுருட்டி, இலைக்குப் பச்சை மையையும் இதழுக்குச் சிவப்பு மையையும் ஒரே தகட்டில் தனித்தனியே ஒற்றி, ஒரே அழுத்தில் அச்சிட்டார்கள். மிச்சத்தைத் தூரிகையால் நிறைவு செய்தார்கள். ஒவ்வொரு அச்சுக்கும் தகட்டை முதலிலிருந்து ஒற்ற வேண்டும் என்பதால் எந்த இரண்டு பிரதிகளும் அச்சு அசலாக ஒத்திருக்காது. என் கண்ணுக்குத் தாவரப் படக்கலையில் இதற்கு மேல் ஒன்றில்லை.

கையால் தீட்டிய வண்ணம் கோட்டைத் தாண்டி வழியும். காய்ந்த விளிம்பில் நிறம் திரண்டு நிற்கும். 1787இல் தொடங்கிய கர்டிஸ் தாவரவியல் இதழின் படங்களுக்கு 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸோ கறுப்பு வெள்ளையில் அச்சானது. அதன் ஒற்றைத் தாள் பளபளவென வண்ணத்தோடு விற்பனைக்கு வந்தால், தீட்டியது எப்போது என்று கேட்டே ஆக வேண்டும். பதிலைத் தாளே சொல்லும். ஈரம் ஊறாதிருக்கப் பழைய தாளில் பூசிய பசை காலப்போக்கில் சிதைந்திருக்கும். புது நீர்வண்ணம் பட்டால் ஒற்றுத்தாளில் மை பரவுவதுபோல் இழைகளில் கசியும். நாளடைவில் தாளில் தோன்றும் பழுப்புப் புள்ளிகளின் மேலேயே வண்ணம் ஏறியிருந்தால், புள்ளிகள் வந்த பிறகு தீட்டியது என்று பொருள்.

வெள்ளைப் பூ சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அது அழுக்கு அல்ல. ஈய வெள்ளை, காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடோடு சேர்ந்து கறுப்பு நிற ஈய சல்ஃபைடாகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொண்டு அதை வெள்ளை நிற ஈய சல்ஃபேட்டாக மாற்ற முடியும். ஆனால் அது பழைய தாள்களைப் பேணிச் சீராக்கும் பயிற்சி பெற்றவரின் வேலை. வீட்டில் செய்தால் பக்கத்து நிறங்கள் வெளுத்துப்போகும்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நெருங்கிய மெல்லிய கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரிந்தால் இணைக் கம்பிகள் கொண்ட சட்டத்தில் வார்த்த தாள். நெய்த நுண் கம்பி வலையில் வார்த்த, கோடில்லாத வலைத்தாள் ஐரோப்பிய நூல்களில் 1757 முதல்தான் வருகிறது. ஆங்கிலேயத் தாள்களின் நீர்க்குறியில் 1794 முதல் ஆண்டும் இருப்பதுண்டு. படத்தின் கீழே 1790 என்றிருந்து நீர்க்குறியில் 1820 என்றிருந்தால், பழைய தகட்டிலிருந்து பிற்பாடு எடுத்த அச்சு. தகடு உண்மை, அச்சு தாமதம். புறஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட தாள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் கிடையாது. பைண்டிங்கில் செருகிய மாற்றுப் பக்கங்களைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

முழு நூலாக வாங்கும்போது எண்ணிக்கை மட்டும் போதாது. தாவரவியலாளர் ராக்ஸ்பர்கின் கோரமண்டல் கடற்கரைத் தாவரங்கள் 1795 முதல் 1820 வரை 3 தொகுதிகளில் 300 படங்களோடு வந்தது. 300 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு படத்தின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்; வேறு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டிய தாளும் கணக்கில் சேர்ந்துவிடும். எதிர்ப்பக்கத்து எழுத்தின் மேல் படத்தின் மங்கிய நிழல் ஒற்றியிருந்தால் அந்தத் தாள் நெடுங்காலம் அங்கேயே இருந்தது. நிழல் இருந்து படம் இல்லையென்றால் யாரோ உருவிவிட்டார்கள். பைண்டர் ஓரம் வெட்டும்போது அடியிலிருந்த பெயரும் எண்ணும் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் இத்தகைய நூல்கள் பல முழுமையாக உள்ளன. பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடலாம்.

தவணைகளாக வந்த நூல்களின் மெல்லிய உறைத்தாள்களைப் பைண்டர்கள் பெரும்பாலும் கழற்றி எறிந்துவிட்டார்கள். இது பெரிய இழப்பு. தாவரப் பெயர்களில் முந்தி வெளியானதற்கே முன்னுரிமை. எந்தத் தவணை எப்போது வந்தது என்பதற்கு அந்த உறையிலுள்ள தேதியே சில வேளைகளில் ஒரே ஆதாரம்.

வைத்திருக்கும் இடத்தின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சையும் தாளிலுள்ள இரும்புத் துகளும் பழுப்புப் புள்ளிகளைப் பெருக்கும். பெரிய தொகுதிகளைப் படுக்க வைத்தால் முதுகு கிழியாது. 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டையில் ஆர்சனிக் இருக்கக்கூடும்; நைட்ரைல் கையுறையோடு எடுத்து, தனி உறையில் வையுங்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதென்றால் 50 லக்ஸுக்கு (லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்புதான் முதலில் வெளுக்கும். சில ஆண்டுகள் கழித்துச் சட்டத்தைக் கழற்றினால், ரோஜா முழுக்க நிறமிழந்திருக்க, விளிம்பு அட்டைக்கு அடியில் மறைந்திருந்த இதழ் நுனியில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்கும்.