இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களுக்கு அரசு தரும் இழப்பீட்டுப் பாதுகாப்பு

இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர்கள் 2019 வரை தங்கள் பாதுகாப்புக்குத் தாங்களே பணம் கட்டி வந்தார்கள். நோயாளி வழக்குப் போட்டால் கைகொடுக்க மருத்துவப் பாதுகாப்புச் சங்கங்கள் இருந்தன. அவற்றின் சந்தா ஏறிக்கொண்டே போனது. 2017-இல் இழப்பீட்டைக் கணக்கிடும் தள்ளுபடி விகிதத்தை (மொத்தமாகத் தரும் தொகை முதலீட்டில் ஈட்டும் என்று கருதி முன்கூட்டியே கழிக்கும் விகிதம்) அரசு 2.5 சதவீதத்திலிருந்து மைனஸ் 0.75 ஆகக் குறைத்ததும், ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் நோயாளிகளுக்கான தொகை ஒரேயடியாகக் கூடியது. அந்தச் சுமையைத் தனி மருத்துவர் தலையில் விட முடியாது என்பதால்தான் 2019 ஏப்ரல் 1 முதல் அரசே பொறுப்பேற்றது. திட்டத்தின் பெயர் கிளினிக்கல் நெக்லிஜென்ஸ் ஸ்கீம் ஃபார் ஜெனரல் பிராக்டிஸ், சுருக்கமாக சி.என்.எஸ்.ஜி.பி. நடத்துவது என்.எச்.எஸ். ரெசல்யூஷன், அதாவது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மீது வரும் இழப்பீட்டு வழக்குகளைக் கையாளும் அமைப்பு.

இதற்கு விண்ணப்பமும் கிடையாது, சந்தாவும் கிடையாது. என்.எச்.எஸ். ஒப்பந்தத்தின் கீழ் கிளினிக்கில் வேலை செய்தாலே போதும். நிரந்தர மருத்துவர், லோக்கம் எனப்படும் தற்காலிக மாற்று மருத்துவர், பயிற்சி மருத்துவர், நர்ஸ் எல்லோரும் உள்ளே வருவார்கள்.

முக்கியம் தேதிதான். வழக்கு எப்போது வந்தது என்பதல்ல, தவறு எப்போது நடந்தது என்பதே கணக்கு. 2021-இல் வயிற்றுவலியோடு வந்தவரின் குடல்வால் அழற்சியைக் கவனிக்காமல் அனுப்பிவிட்ட லோக்கம் மருத்துவர், 2023-இல் வக்கீல் கடிதம் வரும்போது வேறு ஊரில் இருக்கலாம், ஓய்வே பெற்றிருக்கலாம். பாதுகாப்பு அவரோடு இருக்கும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய சம்பவங்களுக்கு வேறு ஏற்பாடு.

சரி, இனி சந்தாவே வேண்டாமா? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அதே குடல்வால் சம்பவத்துக்கு இரண்டு உறைகள் வரலாம். ஒன்று இழப்பீடு கேட்கும் வக்கீலிடமிருந்து, அதை என்.எச்.எஸ். ரெசல்யூஷன் பார்த்துக்கொள்ளும். மற்றொன்று மருத்துவர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலிடமிருந்து, மருத்துவராக உங்கள் பதிவையே கேள்விக்குள்ளாக்குவது. இரண்டாவதற்கு இந்தத் திட்டம் வராது. குற்ற வழக்குக்கும் வராது. தனியாகக் கட்டணம் வாங்கிப் பார்க்கும் நோயாளிக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தரும் அறிக்கைக்கும் வராது. ஆகவே பாதுகாப்புச் சங்க உறுப்பினர் பதவியை விட்டுவிடாதீர்கள். அரசு ஏற்றுக்கொண்ட பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பாதுகாப்புக் கேளுங்கள்.

வக்கீல் கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதாதீர்கள், நோயாளியின் குறிப்பேட்டில் ஒரு சொல்லும் திருத்தாதீர்கள். கடிதத்தை உடனே என்.எச்.எஸ். ரெசல்யூஷனுக்கு அனுப்புங்கள். அப்புறம், நடந்ததற்கு நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பது சட்டப்படி தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதைத் தாராளமாகக் கேட்கலாம்.