சின்ட்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் போன்ற இடங்களில் 18ஆம் நூற்றாண்டு உடைகளுக்குப் பக்கத்தில் உள்ள அட்டைகளில் ‘சின்ட்ஸ்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் நீலமுமாகப் பூங்கொடி படர்ந்த கவுன்கள், பாவாடைகள், ஆண்கள் வீட்டில் போட்டுக்கொண்ட நீளமான அங்கிகள். இந்த அங்கிக்கு ஆங்கிலத்தில் ‘பேன்யன்’ என்று பெயர். நம் பனியனும் அதே சொல்தான். சரி, சின்ட்ஸுக்குத் தமிழ் என்ன? ‘அச்சிட்ட துணி’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தப் பழைய துணிகளில் உயர்ந்தவை அச்சில் வந்தவையே அல்ல, கையால் எழுதியவை.

சொல் இந்தியாவிலிருந்து போனது. இந்தியில் ‘சீண்ட்’ என்றால் தெளித்த துளி, புள்ளி; புள்ளியும் பூவுமாக உள்ள துணிக்கும் அதுவே பெயர். ஆங்கில வணிகர்கள் ஒரு துணியைச் ‘சின்ட்’ என்றும் பலவற்றைச் ‘சின்ட்ஸ்’ என்றும் சொன்னார்கள். 1663இல் லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் மனைவியின் அறைக்காக வாங்கிய துணியைத் தன் நாட்குறிப்பில் ‘சின்ட்’ என்றுதான் எழுதினார். பிறகு பன்மையே ஒருமையாகிவிட்டது. டச்சுக்காரர்கள் ‘சிட்ஸ்’ என்றார்கள். போர்த்துகீசியர் வரைந்த துணி என்ற பொருளில் ‘பின்டாடோ’ என்றார்கள். துணி எப்படி உருவானது என்பதைச் சரியாகச் சொல்லும் பெயர் அதுதான்.

ஐரோப்பா விரும்பி வாங்கிய மிக நேர்த்தியான சின்ட்ஸ் சோழமண்டலக் கரையில் உருவானது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் எல்லாம் அதன் துறைமுகங்கள். வேலைமுறையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்த கரைசல். சிவப்பு வரவேண்டிய இடத்தில் பேனாவால் தொட்டு எழுதுவது வெறும் படிகாரக் கரைசல்தான், அதில் சிவப்பே இருக்காது. அப்புறம் முழுத்துணியையும் சாயவேர் என்ற, சிவப்புச் சாயம் தரும் செடிவேர் போட்ட கொப்பரையில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பற்றிக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். நீலத்துக்கு, அது வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசித் துணியை அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். மஞ்சளைக் கடைசியில் நீலத்தின்மேல் தீட்டினால் இலை பச்சையாகும். மஞ்சள் நிலைக்காத சாயம் என்பதால்தான் பழைய உடைகளில் பல இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன.

இந்தச் சாயவேரைத் தோண்டி எடுத்த இடங்களில் கிருஷ்ணா ஆற்றின் கழிமுகமும் உண்டு, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளும் உண்டு.

துவைத்தாலும் நிறம் போகாத இந்தத் துணிக்கு ஐரோப்பாவில் பெருங்கிராக்கி. அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759இல்தான் நீக்கியது. இங்கிலாந்தில் 1700இல் ஒரு சட்டம், 1721இல் இன்னும் கடுமையான சட்டம், 1774இல்தான் தளர்ந்தது. இதற்கிடையே ஐரோப்பியர்கள் மர அச்சிலும் செப்புத் தகட்டிலும் தாங்களே அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். துணி அச்சிடும் தொழிலதிபர் ஓபர்காம்ப் 1760இல் பிரான்சின் ழூயி ஊரில் தொடங்கிய ஆலை புகழ்பெற்றது. ஆலைகளில் மலிவாக அடித்த பூத்துணிகளுக்கும் சின்ட்ஸ் என்றே பெயர் ஒட்டியது. 19ஆம் நூற்றாண்டில் ‘சின்ட்ஸி’ என்றால் மட்டமானது என்ற பொருளே வந்துவிட்டது. மாதக்கணக்கில் கையால் எழுதிய துணியின் பெயருக்கு இந்தக் கதி நேர்ந்ததை நினைத்தால் மனம் வலிக்கிறது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘சீட்டி’ நம்மிடம் உண்டு. சீட்டித் துணி, சீட்டிப் பாவாடை என்று நம் பாட்டிமார் சொன்னது இந்தியின் அதே சொல்லைத்தான். ஈழத்தில் ‘சீத்தை’ என்பார்கள். அது போர்த்துகீசியரின் ‘சீத்தா’ வழியாக வந்தது. ஒரே சொல் இரண்டு பாதையில் தமிழுக்குள் நுழைந்திருக்கிறது. ‘கலம்காரி’யும் பொருந்தும். ஆனால் பாரசீகத்தில் அதன் பொருள் பேனா வேலை என்பதால், அச்சுக் கட்டையால் அடித்ததற்கு அந்தப் பெயரை நான் பயன்படுத்தமாட்டேன். கருப்பூர்க் கலம்காரி ஓவியங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மரபு இன்னும் உயிரோடு இருக்கும்போது பெயரைக் குழப்பக் கூடாது.

அச்சா, எழுத்தா என்று அறிய, துணியில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பூக்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அச்சென்றால் கோட்டின் பிசிறுகூட அப்படியே திரும்ப வரும். எழுத்தென்றால் ஒரு இதழாவது மாறியிருக்கும். அதை வைத்து, சோழமண்டலக் கரையில் கையால் செய்ததை ‘எழுத்துச் சீட்டி’ என்றும், ழூயி போன்ற ஊர்களின் ஆலைத் துணியை ‘அச்சுச் சீட்டி’ என்றும் பிரித்து எழுதலாம்.