கிளிமீன்

வெப்பமண்டலக் கடல்களின் பவளப்பாறைகளில் வாழும் ஒரு மீன் கூட்டத்தின் பொதுப்பெயர் இது. ஆங்கிலத்தில் பேரட்ஃபிஷ். ஏறத்தாழ 100 இனங்கள் உண்டு.

‘கிளி போன்ற மீன்’ என விரியும் உவமைத்தொகை. பச்சையும் நீலமுமாக மின்னும் உடலுக்காக வைத்த பெயர் என்று தோன்றும். நிறத்துக்கும் பங்கு உண்டுதான், ஆனால் பெயருக்கு முதல் காரணம் வாய். இரு தாடைகளிலும் பற்கள் நெருங்கி ஒட்டி, அலகாகவே இறுகியிருக்கின்றன. பாறையைக் கொத்திக் கொத்தி முன்பற்கள் தேய, பின்னாலிருந்து புதிய பற்கள் வந்து இடம் பிடிக்கும்.

பல இனங்களின் அறிவியல் பெயரில் வரும் ‘ஸ்காரஸ்’ கிரேக்கத்தின் ‘ஸ்காரோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மத்தியதரைக்கடலில் வாழும் கிளிமீனுக்கு அங்கே வழங்கிய பழம்பெயர் அது. மீன்களில் இது மட்டுமே அசைபோடுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். உண்மையில் இது அசைபோடுவதில்லை. ஆனாலும் அவர் கவனித்ததில் விஷயம் இருக்கிறது: கிளிமீனின் தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை உண்டு. அலகால் சுரண்டிய பாறைத்துணுக்குகளை அது திருகைபோல் அரைக்கும். பாசியும் நுண்ணுயிர்களும் உணவாகச் சேர, சுண்ணாம்பு மாவாகி மணலாக வெளியேறும். பவளத்தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததே. இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் வாழும் புடைநெற்றி இனம் 1.3 மீட்டர் நீளமும் 46 கிலோ எடையும் எட்டக்கூடியது. அதில் ஒரே மீன் ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் பவளப்பாறையைத் தின்றுவிடும்!

பாசி வளர வெயில் வேண்டும். ஆகவே கிளிமீன்களைப் பெரும்பாலும் ஆழமற்ற, தெளிந்த நீரில்தான் பார்க்கலாம். பகல் முழுக்க மேய்ச்சல், இரவில் பாறை இடுக்கில் உறக்கம். சில இனங்கள் உறங்குமுன் செவுள் அறையில் சுரக்கும் கோழையால் உடலைச் சுற்றி மெல்லிய உறை கட்டிக்கொள்ளும். இரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகள் அண்டாமல் அது காக்கிறது.

அப்புறம், பெயரிட்டவர்களைத் திணறடித்த ஒரு குணம். பெரும்பாலான இனங்களில் பெண்மீன் பின்னாளில் ஆணாக மாறும். அப்போது மங்கிய பழுப்போ சிவப்போ மறைந்து, பளிச்சென்ற பச்சையும் நீலமும் ஏறிவிடும். ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்கள் என்று எண்ணி, பழைய அறிஞர்கள் இரண்டு பெயர்கள் சூட்டியது பலமுறை நடந்திருக்கிறது.

தமிழில் எழுதும்போது ‘பேரட் மீன்’ என்ற அரைகுறை ஒட்டு தேவையே இல்லை. ‘கிளிமீன்’ என்று சேர்த்தே எழுதலாம். குறிப்பிட்ட இனத்தைச் சொல்ல, ‘புடைநெற்றிக் கிளிமீன்’ என முன்னால் அடைமொழி சேர்த்தால் சரி. ஒரே ஓர் எச்சரிக்கை: மலையாளத்தில் கிளிமீன் என்றால் இளஞ்சிவப்பான வேறொரு மீன். அங்கிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் அறிவியல் பெயரை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.