ஸ்கிரிப்ட் வழியாகப் போகும் கோப்புகளும் பிரௌசர் கேஷும்

லாகின் செய்தவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படங்களையும் பிடிஎஃப்களையும் வெளியிலிருந்து எட்டாத ஃபோல்டரில் வைத்து, ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் (சர்வரில் ஓடும் சிறு நிரல்) மூலம் எடுத்துக் கொடுப்பது வழக்கம். முறை சரிதான். ஆனாலும் தளம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது அழைத்தால், நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த ஸ்கிரிப்டைத்தான்.

அப்பாச்சியோ எஞ்ஜின்எக்ஸோ, எந்த வெப் சர்வரானாலும், கோப்பை நேரடியாக அனுப்பும்போது லாஸ்ட்-மாடிஃபைட் (கடைசியாக மாறிய நேரம்), ஈடேக் (கோப்பின் பதிப்பு அடையாளம்) ஆகிய ஹெடர்களை, அதாவது பதிலோடு போகும் தகவல் வரிகளை, தானே சேர்த்துவிடும். அடுத்த முறை பிரௌசர் அவற்றைக் காட்டிக் கேட்டால், கோப்பு மாறவில்லை என்று 304 என்ற பதில் எண்ணை மட்டும் அனுப்பி முடித்துக்கொள்ளும்; பிரௌசர் தன் கேஷில் சேமித்த பிரதியையே காட்டும். ஸ்கிரிப்டில் கோப்பை அனுப்பும் பிஎச்பி ஃபங்ஷனான ரீட்ஃபைலுக்கு இதெல்லாம் தெரியாது. பைட்டுகளைக் கொட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

யார் லாகின் செய்திருக்கிறார் என்பதை நினைவில் வைக்கும் செஷன் வேறு இருக்கிறது. மாற்றாமல் விட்டால், பிஎச்பி செஷனைத் தொடங்கும்போதே நோ-ஸ்டோர் (எங்கும் சேமிக்காதே) என்ற கட்டளையையும், 1981 நவம்பர் 19 என்று ஒரு காலாவதித் தேதியையும் அனுப்பிவிடும். நம் கோடில் அந்தத் தேதியைத் தேடினால் கிடைக்காது. செஷனைத் தொடங்கும் முன் செஷன் கேஷ் லிமிட்டர் என்ற பிஎச்பி அமைப்பைக் காலியாக வைத்தால் அது நிற்கும். அப்புறம், செஷன் கோப்புகளில் சேமிக்கப்படும் அமைப்பில் ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை அதே பயனரின் அடுத்த ரிக்வெஸ்ட் காத்திருக்கும். ஒரே பக்கத்தில் 30 படங்கள் இருந்தால் வரிசையில்தான் வரும். அனுமதியைச் சரிபார்த்ததும் செஷனை மூடிவிடுங்கள்.

வேகத்துக்கு ஆசைப்பட்டு, எங்கிருந்தோ எடுத்த 'பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000' என்ற கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் வரியை (எண் ஓராண்டின் விநாடிகள்) அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். மெதுவான தளத்தைவிட எனக்கு இதுதான் பயம். பப்ளிக் என்றால் நடுவில் இருக்கும் சிடிஎன்னும் (பலருக்கும் பிரதிகளைக் கொடுக்கும் இடைநிலை சர்வர்கள்) ஓராண்டு வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய ஆவணம், லாகினே செய்யாத இன்னொருவருக்குப் போய்ச் சேர அது போதும்.

தனிப்பட்ட கோப்புகளுக்கு நான் வைப்பது 'பிரைவேட், நோ-கேஷ்', கூடவே ஈடேக். நோ-கேஷ் இருந்தாலும் பிரௌசர் கோப்பைச் சேமிக்கும். ஆனால் பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும். அப்போது அனுமதியைப் பார்த்துவிட்டு 304 சொல்லலாம். கணினியில் தங்கவே கூடாத ஆவணம் என்றால் நோ-ஸ்டோர்தான்.

ஈடேக்குக்காக முழுக் கோப்பையும் படித்து ஒவ்வொரு முறையும் எம்டி5 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை) போடாதீர்கள். மாறிய நேரமும் அளவும் சேர்ந்தாலே பெரும்பாலும் போதும். பிரௌசரிடமிருந்து ஈடேக்கைத் தாங்கிய இஃப்-நன்-மேட்ச் ஹெடர் வந்திருந்தால், நேரத்தைத் தாங்கிய இஃப்-மாடிஃபைட்-சின்ஸைப் பார்க்கக் கூடாது. 304-க்குப் பின் உள்ளடக்கமும் போகக் கூடாது.

இவ்வளவையும் நாமே எழுதத்தான் வேண்டுமா? எஞ்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஆக்ஸல்-ரீடைரக்ட் ஹெடர், அப்பாச்சியில் எக்ஸ்-சென்ட்ஃபைல் மாட்யூல் இருக்கின்றன. அனுமதியை ஸ்கிரிப்ட் பார்க்கும், கோப்பை சர்வர் அனுப்பும்; வீடியோவை நடுவிலிருந்து ஓட்டுவதற்கான ரேஞ்ச் ரிக்வெஸ்ட்டும் வேலை செய்யும். எஞ்ஜின்எக்ஸில் ஒரு எச்சரிக்கை: ஸ்கிரிப்ட் அனுப்பிய கேஷ்-கன்ட்ரோல் அப்படியே பின்தொடரும், செஷன் போட்டதும் சேர்த்துத்தான். லோகோ போன்ற பொதுக் கோப்புகளுக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. யுஆர்எல்லில் பதிப்பு எண் வைத்து ஓராண்டு கேஷ் கொடுத்துவிடலாம்.

சோதிக்கும்போது டெவலப்பர் டூல்ஸில் கேஷை முடக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் 304 வரவே வராது. கடைசியாக, லாக்அவுட் செய்துவிட்டு, பழைய ஈடேக்கை வைத்து கர்ல் (கட்டளை வரியிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி) மூலம் அதே கோப்பைக் கேளுங்கள். 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில், வர வேண்டும். 304 வந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் அனுமதியைப் பார்க்கும் முன்பே பதில் சொல்கிறது.