பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு அரசு தரும் ஆங்கிலப் பயிற்சி: என்ன கிடைக்கும், எப்படிக் கேட்டு வாங்குவது

நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் முடிந்த கையோடு யாராவது ஒரு அப்பா வந்து, "சார், இவனுக்கு இங்கிலீஷ் வரமாட்டேங்குது, பைபாஸ் ரோட்டுல ஒரு சென்டர்ல பன்னிரண்டாயிரம் கேக்குறாங்க, சேத்துவிடவா?" என்று கேட்பார். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருப்பார். பணத்தைக் கட்டும் முன்னால், இதே பயிற்சி பிள்ளையின் பாடத்திட்டத்துக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சி வருவது தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில். 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். வருஷத்துக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது இலக்கு. நிறையப் பேர் இதை ஏதோ ஒரு நாள் முகாம், கையெழுத்துப் போட்டால் சர்டிபிகேட் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகளில் இது கிரெடிட் உள்ள தாள், மார்க் ஷீட்டில் ஏறும். அதில் ஒரு பகுதிதான் ஆங்கிலத் தொடர்பு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பதிப்பு, தேர்வு அமைப்போடு சேர்ந்து கொடுக்கிறார்கள். எந்த செமஸ்டரில் எந்தத் தாள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், தன்னாட்சிக் கல்லூரி என்றால் இன்னும் மாறும், ஆகவே முதல் வருஷத்திலேயே துறையில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு மாணவர் பணம் கட்டத் தேவையில்லை.

இதற்கு முன்பே இன்னொன்று வந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2020-21 கல்வியாண்டில் முதலாண்டு மாணவர்களுக்காகத் தொழில்சார் ஆங்கிலம் என்று நான்கு பிரிவுகளில் பாடப்புத்தகம் கொண்டுவந்தது. அதில் ஒன்று வணிகவியலுக்கும் மேலாண்மைக்கும் மட்டுமே ஆனது. பேரம் பேசும் முறை, பத்துப் பேர் முன்னால் நின்று விளக்குவது, படத்தையும் வரைபடத்தையும் பார்த்து எழுதுவது, அலுவலகத் தகவல் தொடர்பு என்று அலகுகள் இருக்கும். உங்கள் கல்லூரியின் இப்போதைய பாடத்திட்டத்தில் இந்தத் தாள் இல்லாமல் போயிருந்தாலும், சீனியர்களிடமோ கல்லூரி நூலகத்திலோ புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாசியுங்கள். கதையும் கவிதையும் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பில்லும் ரசீதும் கையாளப் போகிற பிள்ளைக்கு அந்தப் பேச்சுக்கான ஆங்கிலம் தனியாக வேண்டியிருக்கிறது.

ஏன் தனியாக வேண்டும் என்பதை என் மாணவி ஒருத்தியிடம் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் வருஷம், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் போனாள். மும்பை சப்ளையர் ஒருவர் அனுப்பிய இன்வாய்ஸில் இங்கே உள்ள கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. 15 இலக்க எண்ணில் ஒன்று மாறினாலும் அந்த பில் நம் கணக்கில் வந்து சேராது, உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, எடுக்க முடியாது. "மும்பைக்கு ஒரு மெயில் போடும்மா" என்றிருக்கிறார்கள். அவள் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதியதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பம், நடுவில் 'ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யூ', கடைசியில் 'தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. இன்வாய்ஸ் எண் எங்கேயும் இல்லை.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. இலக்கணம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் திரும்பத் திரும்ப எழுத வைத்த கடிதம் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவ் லெட்டர்தான். அது அனுமதி கேட்கிற கடிதம். வியாபாரக் கடிதம் யாரிடமும் கெஞ்சாது. எந்த இன்வாய்ஸ், எந்தத் தேதி, என்ன தப்பு, சரியான எண் எது, எப்போதைக்குள் திருத்த வேண்டும், அவ்வளவுதான். போனிலேயே உட்கார்ந்து மாற்றினோம். சப்ஜெக்ட் வரியில் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் வந்தது. கீழே மூன்றே வரி: உங்கள் பில்லில் எங்கள் ஜி.எஸ்.டி. எண் இப்படி இருக்கிறது, சரியானது 33-ல் தொடங்கும் இந்த எண், அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரக் கணக்கு) தாக்கல் செய்யும்போது, அதாவது 11-ம் தேதிக்குள், திருத்திவிடுங்கள். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. நான் முதல்வன் வகுப்பில் மின்னஞ்சல் எழுதுகிற பாடம் வரும்போது தயவுசெய்து போனை நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள், அங்கே சொல்லித்தருவது இந்த மூன்று வரியைத்தான்.

நான் முதல்வன் ஆங்கிலத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கில அளவை கீழிருந்து மேலாக ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படியாகப் பிரிப்பது ஐரோப்பிய முறை, கேம்பிரிட்ஜும் அதில்தான் முடிவு சொல்லும். ஏ2 என்று வந்தால் பெயில் ஆகிவிட்டோம் என்று அழுகிறார்கள், அழத் தேவையில்லை. இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதற்கான குறி அது. பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் இருக்க மாட்டார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, திரையில் வரும் கேள்விக்கு மைக்கில் பதில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் திணறுவது இங்கேதான், பக்கத்து சீட்டில் இருப்பவன் சிரிப்பானோ என்று குரலை விழுங்கிவிடுகிறார்கள், மைக்கில் காற்றுதான் பதிவாகிறது. வீட்டில் போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். முதல் வாரம் கூச்சமாக இருக்கும். உங்கள் தெருவில் உள்ள மளிகைக் கடை எப்படிக் கடன் கொடுக்கிறது, எப்படி வசூல் செய்கிறது என்று சொல்லிப் பாருங்கள், நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால் வார்த்தை தானாக வரும்.

இதற்கு மேலும் வேண்டும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம், சாஃப்ட் ஸ்கில்ஸ் இரண்டிலும் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துகிறார்கள். பார்ப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அதில் 25-க்குக் குறைந்தது 10-ம், 75-க்கு 30-ம் எடுத்தால் சான்றிதழ். கிரெடிட்டாக ஏற்றுக்கொள்வார்களா என்பதை மட்டும் சேரும் முன்பே கல்லூரியில் கேட்டுவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும் (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு). ஒரு மாதத்துப் பணத்தில் அந்தத் தேர்வுக் கட்டணம் முடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, போய் உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சரி, உங்கள் பெயரே நான் முதல்வன் போர்ட்டலில் வரவில்லை என்றால்? பல தடவை நடக்கிற விஷயம் இது. பதிவு எண்ணில் தப்பு, பெயரில் இன்ஷியல் மாறியிருப்பது, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போவது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. ஒவ்வொரு கல்லூரியிலும் நான் முதல்வனுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், ஸ்பாக் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு மாதம் வராந்தாவிலேயே வாயால் சொல்லிக்கொண்டிருந்தான், சொன்னது எங்கும் பதிவாகவில்லை, தேர்வு நாளில் பட்டியலில் பெயர் இல்லை. வாயால் சொல்லாதீர்கள், மெயில் போடுங்கள். துறைத் தலைவருக்கும் ஒரு நகல். பதிவு எண், தாளின் பெயர், செமஸ்டர், திரையில் வரும் பிழையின் ஸ்கிரீன்ஷாட், தேர்வுத் தேதி, அதற்கு எத்தனை நாள் முன்னால் சரியாக வேண்டும் என்பது. ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். ரெஸ்பெக்டட் சார் இருக்கட்டும், ஹம்ப்ளி வேண்டாம்.