லாரியின் ஓட்ட நேரத்தை அளக்கும் கருவியை ஏமாற்றுவது ஏன் கடினமாகிவிட்டது?

ஐரோப்பிய ஒன்றியச் சாலைகளில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டுபவர், நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள்கள் மட்டும் 10 மணி நேரம் வரை ஓட்டலாம். வாரம் ஒன்றுக்கு 56 மணி நேரம், அடுத்தடுத்த இரு வாரங்களுக்குச் சேர்த்து 90 மணி நேரம் என்பவை மேல்வரம்புகள். 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் ஒழுங்குமுறை இவற்றைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லாரிக்குள் இந்த விதி காக்கப்படுகிறதா என்பதை வெளியிலிருப்பவர் எப்படி அறிவது? உண்மை தெரிந்தவர் ஓட்டுநர் ஒருவரே; அவருக்கோ சரக்கைக் குறித்த நேரத்தில் சேர்க்க வேண்டிய நெருக்கடி. ஆகவே சாட்சி சொல்லும் பொறுப்பு, லாரியின் முன்பலகையில் பொருத்தப்படும் டேக்கோகிராஃப் என்ற கருவிக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்தச் சாட்சியை மாற்றிப் பேசவைக்க நடந்த முயற்சிகளும் அவற்றைத் தடுக்க எழுந்த பொறியியலும் சேர்ந்ததுதான் இன்றைய ‘ஸ்மார்ட்’ டேக்கோகிராஃப்.

பழைய கருவி, மெழுகு பூசிய வட்டக் காகிதத்தில் ஊசியால் கோடு கீறியது. ஊசியை வளைப்பதும் ஒரே நாளில் இரண்டு வட்டுகளைப் பயன்படுத்துவதும் எளிதாக இருந்தன. 2006 மே 1 முதல் புதிய வாகனங்களில் மின்னணுக் கருவி கட்டாயமானது. 2019 ஜூன் 15 முதல் செயற்கைக்கோள் இடங்காணலுடன் கூடிய ஸ்மார்ட் வகையும், 2023 ஆகஸ்ட் 21 முதல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தன. எல்லை தாண்டி ஓடும் பழைய லாரிகளும் 2024-ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2025 ஆகஸ்டுக்கும் இடையே, அவற்றில் இருந்த கருவியின் தலைமுறைக்கு ஏற்ப, இரண்டாம் பதிப்புக்கு மாறவேண்டியிருந்தது.

அளவீடு தொடங்கும் இடம் கியர்பெட்டி. அங்கே சுழலும் பல்சக்கரத்தை ஒட்டி ஓர் உணரி திருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்கும்போது காந்தப்புலம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றம் ஒரு மின்துடிப்பாகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை துடிப்பு என்று கருவிக்குத் தெரிந்தால், துடிப்பை எண்ணித் தொலைவையும், துடிப்பின் விரைவைக் கொண்டு வேகத்தையும் அது கணக்கிட்டுவிடும். ஆனால் அந்த எண்ணிக்கை எல்லா வாகனத்துக்கும் ஒன்றல்ல. டயரின் சுற்றளவு, பல்லிணைப்பின் விகிதம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் அந்த எண்ணை, அங்கீகாரம் பெற்ற பணிமனை ஒன்றுதான் அளந்து கருவிக்குள் பதிக்க முடியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த அளவுத்திருத்தம் கட்டாயம். இடையில் டயரின் அளவு மாறினாலும் மீண்டும் செய்தாக வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு புதிய டயரைவிடக் குறைவு என்பதால், ஒரே தொலைவுக்கு அது அதிகமுறை சுழலும். கருவியும் லாரி அதிக தூரம் ஓடியதாக எண்ணிக்கொள்ளும். அதனால்தான் பயன்பாட்டிலிருக்கும் கருவிக்குத் தொலைவில் 4 விழுக்காடும் வேகத்தில் மணிக்கு 6 கிலோமீட்டரும் பிழைவிளிம்பாக ஒப்புக்கொள்ளப்படுகின்றன.

உணரிக்கும் கருவிக்கும் இடையே செல்லும் கம்பியே முதல் பலவீனமாகப் பட்டது. கம்பியை வெட்டிப் பொய்யான துடிப்புகளைச் செலுத்திவிடலாமே? இதற்கான விடை எளிமையானது, அழகானதும்கூட. உணரி, கம்பியில் துடிப்புகளை அனுப்புவதோடு, தான் அனுப்பியவற்றைத் தன்னுள்ளும் எண்ணி வைத்துக்கொள்கிறது. கருவி அவ்வப்போது மறையாக்கப்பட்ட இன்னொரு தடத்தின் வழியே ‘இதுவரை எத்தனை?’ என்று கேட்கும். உணரி சொல்லும் தொகையும் கருவி எண்ணிய தொகையும் ஒத்துப்போகாவிட்டால், பிழை நேரத்தோடு பதிவாகிவிடும். உணரியும் கருவியும் பேசிக்கொள்ளும் மறைமொழிச் சாவி பணிமனையில் இணைக்கப்படும்போதே அவ்விரண்டுக்கும் இடையே உருவாகிறது. எனவே வேறோர் உணரியைக் கொண்டுவந்து செருகினாலும் பயனில்லை.

கம்பி அடைபட்டதும், ஏமாற்றுவோர் உணரியின் இயற்பியலையே குறிவைத்தனர். காந்தப்புல மாற்றத்தை உணர்வதுதான் அதன் வேலை என்றால், வலுவான நிலைக்காந்தம் ஒன்றை அதன்மேல் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? பல்சக்கரம் உண்டாக்கும் சிறிய மாற்றம் அந்தப் பெரும் புலத்தில் அமிழ்ந்துபோகும், துடிப்பு நின்றுவிடும், லாரி நெடுஞ்சாலையில் விரைந்துகொண்டிருக்கையில் கருவி ‘ஓய்வு’ என்று பதிந்துகொண்டிருக்கும். மறையாக்கத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உணரி பொய் சொல்லவில்லை, தான் உணராத ஒன்றை நேர்மையாக ‘இல்லை’ என்கிறது, அவ்வளவே. இந்த ஏமாற்று வெறும் கணக்கு மோசடியோடு நிற்பதுமில்லை. லாரியின் வேகமானியும் வேகக் கட்டுப்படுத்தியும் பெரும்பாலும் இதே சமிக்ஞையை நம்பியிருப்பதால், காந்தம் ஒட்டிய லாரி தன் வேகம் அறியாமல் ஓடும் பல டன் எடையாகிவிடுகிறது. சரக்குப் போக்குவரத்தில் நடக்கும் விதிமீறல்களில் இதைவிட ஆபத்தானவை மிகச் சிலவே என்பது என் கருத்து.

இதற்குத் தீர்வு, ஒரே சாட்சியை நம்பாமல், அதோடு தொடர்பில்லாத இரண்டாவது சாட்சியையும் கேட்பது. 2012 அக்டோபர் முதல் புதிய வாகனங்களில், நகர்வைத் தனித்து அறியும் இரண்டாவது மூலம் கட்டாயமானது. பிரேக் அமைப்பிலிருந்து வரும் சக்கரவேகத் தரவு, கருவிக்குள்ளேயே இருக்கும் முடுக்கமானி, செயற்கைக்கோள் ஏற்பி என இவற்றில் ஒன்று அந்த மூலமாகலாம். கியர்பெட்டி உணரி ‘நிற்கிறது’ என்று சொல்ல, மற்றது ‘நகர்கிறது’ என்று சொன்னால், அந்த முரணே ஒரு நிகழ்வாகப் பதிவாகிறது. காந்தப்புலத்தால் பாதிக்கப்படாத உணரிகளும் பின்னர் வந்தன.

ஸ்மார்ட் கருவி இந்த இரண்டாவது சாட்சியைச் செயற்கைக்கோளிடமிருந்து பெறுகிறது. பணிநாள் தொடங்கும் இடம், முடியும் இடம், திரண்ட ஓட்ட நேரம் ஒவ்வொரு மூன்று மணி நேரத்தை எட்டும் இடம் ஆகியவை தானாகவே பதிவாகும். இரண்டாம் பதிப்பில் நாட்டெல்லையைக் கடந்த இடமும், சரக்கு ஏற்றி இறக்கியதாக ஓட்டுநர் குறிக்கும் இடமும் சேரும். லாரியின் பாதை முழுவதும் நொடிக்கு நொடி பதிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது இந்தச் சில புள்ளிகளை மட்டுமே.

ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞையையும் போலியாக உருவாக்க முடியும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வரும் அந்த அலை தரையை அடையும்போது மிகவும் நலிந்திருக்கும். அருகிலிருந்து ஒரு சிறிய ஒலிபரப்பி அதை மூழ்கடித்துத் தன் பொய்யான இடத்தை ஏற்பிக்கு ஊட்டிவிடலாம். ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு இதற்காகத் தன் வழிச்செலுத்தல் செய்திகளுக்குச் சான்றுறுதி வழங்குகிறது. 2025 ஜூலையில் அந்தச் சேவை முறையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு. செய்தியோடு ஒரு சரிபார்ப்புக் குறியை அனுப்ப வேண்டுமானால், அதைச் சரிபார்க்கும் சாவி ஏற்பியிடம் இருக்க வேண்டும். கோடிக்கணக்கான ஏற்பிகளுக்கு ஒரே இரகசியச் சாவியைத் தந்தால் அது இரகசியமாக இராது. ஆகவே செயற்கைக்கோள் முதலில் செய்தியையும் குறியையும் அனுப்புகிறது; அந்தக் குறியை உருவாக்கிய சாவியைச் சற்று நேரம் கழித்தே எல்லோரும் அறிய வெளியிடுகிறது. பூட்டிய பெட்டியை முன்பே கையில் கொடுத்துவிட்டுத் திறவுகோலைப் பிறகு அனுப்புவதைப் போன்றது இது. சாவி வெளியாகும் நேரத்தில் அதனால் புதிய பொய் எதையும் செய்ய முடியாது. அதற்குரிய செய்தி ஏற்கெனவே ஏற்பியை அடைந்துவிட்டது. வெளியாகும் ஒவ்வொரு சாவியும் உண்மையானதா என்பதையும் அறியலாம்: சாவிகள் ஒருவழிக் கணிதச் சார்பால் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, தலைகீழ் வரிசையில் வெளியிடப்படுகின்றன. புதிய சாவியிலிருந்து பழையதைக் கணக்கிட்டுச் சரிபார்க்க முடியும். பழையதிலிருந்து புதியதை ஊகிக்க முடியாது. இந்த முறை செல்லுபடியாக, ஏற்பியின் கடிகாரம் ஓரளவாவது சரியாக இருக்க வேண்டும். இடத்தை நம்புவதற்கு நேரத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

இவ்வாறு திரண்ட தரவு இரண்டு இடங்களில் தங்குகிறது. கருவியின் நினைவகம் ஏறக்குறைய ஓராண்டுச் செயல்பாட்டை வைத்திருக்கும். ஓட்டுநரின் பெயரில் வழங்கப்பட்ட அட்டை அவர் எந்த லாரியில் ஏறினாலும் அவருடைய கணக்கைச் சுமந்து செல்லும். நிறுவனம், பணிமனை, சோதனை அதிகாரி ஆகியோருக்கும் தனித்தனி அட்டைகள் உண்டு. எந்த அட்டை செருகப்பட்டிருக்கிறதோ அதற்குரிய கதவு மட்டுமே திறக்கும். இந்த அட்டைகளின் நம்பகத்தன்மை, இத்தாலியின் இஸ்ப்ரா நகரில் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் பேணும் மூலச் சாவியிலிருந்து தொடங்கி, உறுப்பு நாடுகளின் சான்றுகள் வழியே இறங்கி வருகிறது. நிறுவனம் அட்டைத் தரவை அதிகபட்சம் 28 நாள்களுக்கு ஒருமுறையும் கருவித் தரவை 90 நாள்களுக்கு ஒருமுறையும் பதிவிறக்கி, ஓராண்டு காலம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோப்புகளில் மின் கையொப்பம் இருப்பதால், அலுவலகக் கணினியில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் சரிபார்க்கும்போது அது வெளிப்பட்டுவிடும். அட்டை தொலைந்தால் ஓட்டுநர் அதிகபட்சம் 15 நாள்கள் அச்சுத்தாளோடு ஓட்டலாம்; ஏழு நாள்களுக்குள் மாற்று அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

சோதனை அதிகாரி எல்லா லாரிகளையும் நிறுத்த முடியாது. ஆகவே ஸ்மார்ட் கருவி, ஓடும்போதே 5.8 கிகாஹெர்ட்ஸ் குறுந்தொலைவு வானலையில் கேள்விக்குப் பதில் சொல்கிறது: உணரியில் பிழை உண்டா, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, அட்டையில்லாமல் ஓட்டப்பட்டதா, கடைசி அளவுத்திருத்தம் எப்போது நடந்தது என்பன போன்றவை அதில் அடங்கும். இந்தப் பதிலை வைத்து யாருக்கும் தானாகத் தண்டம் விதிக்கக் கூடாது. எந்த லாரியை நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே அது பயன்படும். முறைகேட்டின் அடையாளம் இல்லாத தரவை மூன்று மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கண்காணிப்புக்கு இப்படி ஓர் எல்லை வகுத்தது சரியான முடிவு என்றே எண்ணுகிறேன். ஒழுங்காக ஓட்டுபவரின் பயணம் அரசின் ஆவணமாகத் தேங்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டுநர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றிக் கருவி தானாக அறிவது ஒன்றைத்தான்: சக்கரம் சுழல்கிறதா என்பதை. சக்கரம் சுழன்றால் ‘ஓட்டம்’ என்று பதியும். நின்றதும் ‘வேறு பணி’ என்று தானே மாறும். நின்ற 120 நொடிகளுக்குள் ஓட்டுநர் ‘ஓய்வு’ பொத்தானை அழுத்தினால், ஓய்வு லாரி நின்ற கணத்திலிருந்தே தொடங்கியதாக அது கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் பல செயல்கள் நடந்தால் அவற்றில் நீண்டதையே அந்த நிமிடம் முழுவதற்கும் உரியதாகக் கொள்ளும். ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டம் பதிவாகியிருந்தால் நடுவிலுள்ள நிமிடமும் ஓட்டமே. நெரிசலில் நின்று நின்று நகரும் லாரிக்கு இந்தக் கணக்கு பெரிதும் பொருட்படும். இவை அனைத்தும் உலகப் பொது நேரத்தில் பதிவாவதால், கைப்பட நேரம் உள்ளிடும்போது உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிடும் தவறும் நேர்கிறது.

சரக்கை ஏற்றியபடி கழிந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டுநர் ‘ஓய்வு’ என்று பதிந்தால், அதை மறுக்கக்கூடிய உணரி எதுவும் அந்த லாரியில் இல்லை. களைப்பை உண்டாக்கும் உழைப்பில் கணிசமான பகுதி, சக்கரம் சுழலாத நேரத்தில்தான் நடக்கிறது. அந்தப் பொத்தானைத் தவறாக அழுத்தும் கட்டாயமும் பெரும்பாலும் ஓட்டுநரிடம் பிறப்பதில்லை. நிறைவேற்ற முடியாத கால அட்டவணையில்தான் பிறக்கிறது. அதே ஒழுங்குமுறையின் 10-ஆவது பிரிவு, சாலைப் பாதுகாப்பைக் குலைக்கும் வகையில் தூரத்துக்கும் விரைவுக்கும் ஊக்கத்தொகை தருவதைத் தடைசெய்கிறது. ஓட்டுநரின் மீறலுக்குப் போக்குவரத்து நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதோடு, சரக்கை அனுப்புபவரும் இடைத்தரகரும் ஒப்புக்கொள்ளும் கால அட்டவணைகள் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2026 ஜூலை 1 முதல், எல்லை தாண்டிச் சரக்கேற்றிச் செல்லும் இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட சிறிய வேன்களுக்கும் இந்தக் கருவியும் இந்த விதிகளும் பொருந்துகின்றன.